குத்தம்பாக்கம் செய்த குத்தம்

‘இப்படியே போனா நாமளும் சோமாலியா மாதிரி ஆயிடுவோம் சார்!’

தண்ணீர் லாரி வரவில்லையா, ரோடு பிளந்து கிடக்கிறதா, கரன்ட் போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டதா... உடனே இந்த வசனம் வந்துவிடும். ஆப்பிரிக்கா என்றால் நமக்கு மூன்றே படங்கள். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. துப்பாக்கி பிடித்த ஒரு பையன். அப்புறம், சிங்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை இந்த மூன்று படங்களுக்குள் மடித்து வைத்திருக்கிறோம்.

போகட்டும், ஆப்பிரிக்கா தூரம். பூந்தமல்லி பக்கத்தில்தானே இருக்கிறது? பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ‘அப்ரூவ்டு மனைகள், பேங்க் லோன் வசதி உண்டு, இன்றே முந்துங்கள்’ என்று விளம்பரப் பலகை சொல்வது மட்டும்தான். அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓர் ஊராட்சி இருக்கிறது, அந்த ஊராட்சிக்கென்று ஒரு கருத்து இருக்கலாம் என்பதெல்லாம் பலகையில் வராது.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று தேடுகிற புத்தி. நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் கிராமம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. சொத்து என்ற தலைப்பின் கீழே அதன் நிலம். செலவு என்ற தலைப்பின் கீழே அதன் மக்கள். இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் இந்த வாரம் உங்களோடு எனக்குள்ள சண்டை. சாட்சிக்கு இரண்டு ஊர்களை அழைக்கிறேன். ஒன்று தூரத்து ஊர். இன்னொன்று பக்கத்து ஊர்.

தூரத்து ஊர் முதலில்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலே எட்டாத ஒரு நாடு, புர்க்கினா ஃபாசோ. சுற்றிலும் ஆறு நாடுகள். துறைமுகம் வேண்டுமென்றால் அடுத்தவன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த நாட்டில் காண்டோ என்று ஒரு சின்ன கிராமம். ஊர்த் தலைவருக்கு மூத்த மகன் ஒருவன். பெயர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் ஏழு வயதில் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய்ப் படித்தான். 1985-ல் தச்சு வேலை கற்றுக்கொள்ள உதவித்தொகை கிடைத்து பெர்லின் போனான். அங்கேயே கட்டடக் கலையும் படித்தான்.

விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் தங்கள் துணி மடிப்பில் செருகி வைத்திருந்த காசை எடுத்து அவன் கையில் வைப்பார்களாம். பிற்பாடு கெரே மேடையில் சொன்ன விஷயம் இது. நம்ம ஊர் ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பாளே, அதே காசுதான். கண்டம் மாறினாலும் முடிச்சு மாறவில்லை.

படித்தவன் என்ன செய்தான்? படிப்பு முடிவதற்கு முன்பே நிதி திரட்டி, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட வந்தான். ஜெர்மனியில் படித்த பிள்ளை, கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டப்போகிறான் என்று ஊர் எதிர்பார்த்திருக்கும். அவனோ, மண்ணில் கட்டலாம் என்றான். ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. மண் சுவர் மழைக்குக் கரையும் என்பது அவர்கள் வருஷா வருஷம் பார்க்கிற சங்கதி. அப்புறம் செய்து காட்டினான். மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்தி, செங்கல்லாக்கினான். தகரக் கூரையைச் சுவரைவிட்டு உயரே தூக்கி நிறுத்தினான். உள்ளே சேருகிற சூடு மேலே ஏறி வெளியேறிவிடும். ஏ.சி. கிடையாது, கரன்ட் பில் கிடையாது. வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க முடிந்தது.

கட்டியது யார்? அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கி வந்தது குழந்தைகள். செங்கல் அறுக்கத் தண்ணீர் சுமந்தது பெண்கள். 2001-ல் பள்ளி முடிந்தது. 2004-ல் ஆகா கான் விருது கிடைத்தது. 120 பிள்ளைகள் படித்த இடம் வளர்ந்து 700 ஆனது. 2022-ல் கட்டடக் கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கெரேவுக்கு வந்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

புர்க்கினா ஃபாசோ சொர்க்கபுரி என்று நான் கதை விடவில்லை. 2022-ல் மட்டும் அங்கே இரண்டு முறை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து சுமார் 20 லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். அந்த நாட்டைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இல்லாமல் இருக்கலாம். அந்த ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தன் மண்ணில், தன் ஆளை வைத்து, தன் கையால் கட்டுகிறேன் என்று ஊர் முடிவெடுத்தது. எவரும் வந்து ‘யாரைக் கேட்டுச் செய்தாய்?’ என்று கேட்கவில்லை.

இப்போது பக்கத்து ஊருக்கு வாருங்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்கும் அப்பால், பூந்தமல்லி ஒன்றியத்தில் இருக்கிறது குத்தம்பாக்கம். ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்கும் அடிதடிக்கும் பேர்போன ஊர். ஊருக்குள் சேரி தனி, ஊர் தனி. அந்தச் சேரிப் பக்கத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குப் போனார் இளங்கோ ரங்கசாமி. பென்ஷன் நிச்சயம் என்கிற உத்தியோகம். அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996-ல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். 2001-லும் ஜெயித்தார்.

கெரே செய்ததையும் இவர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைய தி.மு.க. அரசின் சமத்துவபுரம் திட்டத்தில் குத்தம்பாக்கத்துக்கு நூறு வீடுகள் வந்தன. இளங்கோ அவற்றை ஐம்பது இரட்டை வீடுகளாகக் கட்ட வைத்தார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்மல் வர வேண்டும்! அவ்வளவு பக்கம். சுவருக்கு ஊர் மண்ணையே அழுத்திச் செய்த கற்கள். வேலை செய்தது ஊர் ஆட்கள். திட்டத்துக்கு வந்த பணத்தில் கூலி என்ற பங்கு ஊருக்குள்ளேயே தங்கியது.

காண்டோவில் பள்ளி எழுந்து கொண்டிருந்த அதே காலகட்டம். அதே மண் கல். அதே ஊர்க்கூட்டு வேலை. இரண்டு பேரும் படித்த படிப்பை ஊருக்குக் கொண்டுவந்த பிள்ளைகள். அங்கே உலகப் பரிசு கொடுத்தார்கள். இங்கே என்ன கொடுத்தார்கள் தெரியுமா?

சஸ்பென்ஷன் ஆர்டர்.

குத்தம் இதுதான். ஊருக்குள் சாக்கடைக் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துக் கிரானைட் தொழிற்சாலைகள் வேண்டாமென்று கழித்துப் போட்ட கல்துண்டுகளை எடுத்துவந்து, அதை வைத்தே கட்டிவிட்டார் தலைவர். மதிப்பீட்டைவிடச் செலவு குறைந்தது. கால்வாயும் ஓடியது. ஆனால், ஃபைலில் எழுதியிருந்த முறைப்படி கட்டவில்லையே! 1990-களின் கடைசியில் மாவட்ட நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் தலை சுற்றும். செலவைக் குறைத்த மேனேஜரை எந்தக் கம்பெனியிலாவது வீட்டுக்கு அனுப்புவார்களா? போனஸ் கொடுப்பார்கள். ஒப்புதல் வாங்கிய மதிப்பீட்டின்படி அத்தனை பணமும் கரைந்து, கால்வாய் அடுத்த மழையில் இடிந்திருந்தால்? ஒரு குத்தமும் இல்லை. ஃபைல் சுத்தம். ஊர் நாறலாம், ஃபைல் நாறக் கூடாது.

கிராம சபை கூடியது. ஊர் அவர் பக்கம் நின்றது. இடைநீக்கம் ரத்தானது. சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். நான் போட மாட்டேன். ஏனென்றால், அன்றைக்கு அவரை வெளியே அனுப்பிய அதிகாரம் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விடவில்லை.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். பயப்படாதீர்கள், இரண்டு பக்கம்தான்.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. பஞ்சாயத்துகள் சுயாட்சி அமைப்புகளாக இயங்க வேண்டும் என்றது. குடிநீர், நூலகம், தொடக்கப் பள்ளி, சிறுபாசனம் என்று 29 துறைகளைப் பட்டியல் போட்டுக் காட்டியது. ஆனால், இந்த அதிகாரங்களை மாநில அரசுகள் ‘கொடுக்கலாம்’ என்று எழுதியது. ‘கொடுக்க வேண்டும்’ என்று எழுதவில்லை. ‘கல்யாணத்துக்கு வரலாம்’ என்று அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள்?

மறுவருடம், 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன் 205-வது பிரிவு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் வழியை மாவட்ட ஆட்சியரின் கையில் கொடுக்கிறது. ஓர் எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ கலெக்டர் நீக்க முடியுமா? நினைத்துப் பார்க்கவே சிரிப்பு வருகிறதல்லவா? ஊராட்சித் தலைவர் என்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரும் அதே விரலில், அதே மையில் வந்தவர்தான்.

பக்கத்து மாநிலத்தில் 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்தார்கள். மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்குப் போகும், எப்படிச் செலவிடுவது என்று மக்கள் கூடி முடிவு செய்வார்கள் என்றது கேரளம். அதே 1996-ல்தான் புதிய சட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் முதல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் சாவியைக் கொடுத்தார்கள். நாம் வாட்ச்மேன் உத்தியோகம் கொடுத்தோம்.

அந்தத் தேர்தலையாவது ஒழுங்காக நடத்தினோமா? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்று வருடம் ஊர்களைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். முதலில் சொன்னது அ.தி.மு.க. ஆட்சி, பின்னால் சொன்னது தி.மு.க. ஆட்சி. எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் மட்டும் அண்ணன் தம்பி! சட்டமன்றத்துக்கு ஒரு மாதம் தேர்தல் தள்ளிப்போனால் டி.வி.க்கள் ராத்திரி பகலாக அலறும். சுமார் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகளின் விஷயம் நமக்கு ஸ்க்ரோலில் ஓடுகிற ஒரு வரி.

இந்த இடத்தில் நீங்கள் கையைத் தூக்குவீர்கள். ‘சும்மா இருங்க சார். ஊருக்கு அதிகாரம் கொடுத்தா அது சாதிக்காரன் கையிலதான் போகும்.’

நியாயமான கேள்வி. உங்களைவிடக் காட்டமாக இதைக் கேட்டவர் அம்பேத்கர். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை லட்சிய உலகமாகப் போற்றியவர்களை அவர் வறுத்தெடுத்தார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் கிராமம் என்பது அவர் வாதம். அவர் சொன்னது வெறும் பேச்சல்ல என்று நம் மாநிலமே நிரூபித்தது. 1997-ல் மதுரை மாவட்டம் மேலவளவில், தனித் தொகுதியில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தலித் தலைவரை நாற்காலியில் உட்காரவே விடவில்லை.

ஆனால், இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதில்தான் நமக்குள் தகராறு. அந்த நாற்காலிக்கு மதிப்பு இருந்ததால்தானே அதற்காகக் கொலை விழுந்தது? இட ஒதுக்கீடு வந்த பிறகு அதில் தலித்துகள் உட்காருகிறார்கள். பாதி ஊர்களில் பெண்கள் உட்காருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையார் உட்கார்ந்தபோது கெட்டியாக இருந்த நாற்காலிக்கு, இவர்கள் வந்து உட்காரும் நேரம் பார்த்துக் காலை அறுப்பது எந்த ஊர் சமூக நீதி? ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லையென்றால் ஊர்ப் பெரிய மனிதருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு நிலம் இருக்கிறது, காசு இருக்கிறது, தாலுகா ஆபீஸில் ஆள் இருக்கிறது. சட்டத்தின் பலத்தை மட்டுமே நம்பி வந்தவருக்குத்தான் நஷ்டம். சாதியை மீறி ஒற்றைச் சுவரில் இரண்டு குடும்பங்களை வைத்த வீடுகளைக் குத்தம்பாக்கத்தில் கட்டியவர் ஒரு தலித் தலைவர் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இத்தனைக்கும் நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன வந்தது?

வருகிறேன். புர்க்கினா ஃபாசோவிலேயே இன்னொரு கிராமத்தில் யாக்கூபா சவாடோகோ என்று ஒரு விவசாயி இருந்தார். 1980-களின் பஞ்சத்தில், காய்ந்து கட்டாந்தரையான நிலத்தில் குழி குழியாகத் தோண்டி, எருப் போட்டு, மழைக்குக் காத்திருந்தார். அங்கே பழைய காலத்திலிருந்தே உள்ள முறைதான் அது. கோடையில் தோண்டுகிறானே, பைத்தியமா என்று ஊர் கேட்டது. குழியில் தங்கிய நீரில் தானியம் விளைந்தது, மரம் முளைத்தது. கடைசியில் சுமார் 40 ஹெக்டேர் காடே வளர்ந்து நின்றது. 2018-ல் உலக விருது ஒன்று அவரைத் தேடி வந்தது. அதற்கு முன்பே பக்கத்து நகரம் அவரைத் தேடி வந்துவிட்டது! நகரம் விரிந்தது. காட்டின் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்தார்கள். 2023-ல் அவர் இறந்து போனார். பாலைவனத்தைத் தடுத்து நிறுத்திய மனிதரால் ரியல் எஸ்டேட்டைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

குத்தம்பாக்கத்தையும் நகரம் தேடி வந்தது. முதலில் கொண்டுவரப் பார்த்தது குப்பை. ஊரின் மேய்க்கால் நிலத்தில் சென்னையின் குப்பையைக் கொட்டுவதற்குத் திட்டம் போட்டார்கள். ஊர் எதிர்த்தது, நீதிமன்றப் படியேறியது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அது செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிற பக்கம் என்பது. செம்பரம்பாக்கம் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? நீங்களும் நானும்தான். அதாவது, உங்கள் டம்ளருக்காகவும் சேர்த்து அந்த ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். நாம் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை.

பிறகு வெளியூர் பஸ்களுக்கான புதிய நிலையம். 2021-ல் குத்தம்பாக்கத்தில் வேலை தொடங்கியது. பஸ் நிலையம் வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பூந்தமல்லி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். நான் கேட்பது ஒன்றுதான். குப்பையோ, பஸ் நிலையமோ, நாளைக்கு வேறொன்றோ, ஒரு ஊரின் பொது நிலத்தில் வரப்போகிறது என்றால், அந்த ஊர் ‘சரி’ என்று சொன்னால்தான் வரும் என்று சட்டம் ஏன் எழுதக் கூடாது?

எழுத முடியாத விஷயமல்ல. ஒடிஷாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியை 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 கிராம சபைகள் கூடின. 12-ம் கூடாது என்றன. மலை தப்பித்தது. ஆதிவாசி கிராமத்தால் முடிந்தது பூந்தமல்லி ஒன்றியத்தால் முடியாதா?

கடைசியாக ஒரு கேள்வி, உங்களிடமே. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், ஆவடிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனவர்கள் உங்களில் எத்தனையோ பேர். நீச்சல் குளம், ஜிம், செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பலருக்கு அதில் ‘கிராம ஊராட்சி’ என்று போட்டிருக்கும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், நீங்களும் கிராம சபை உறுப்பினர். ஆமாம் சார், நீங்களேதான். அந்தக் கட்டாந்தரையில், ஷாமியானா நிழலில், நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கியைக் கேட்டு எழுந்து நிற்கிற அம்மாவுக்கு என்ன உரிமையோ, அதே உரிமை உங்களுக்கும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை கூட வேண்டிய நாட்கள் இவை. பாதிக்கு மேல் லீவு நாட்கள். டி.வி.யில் புதுப்படம் போடுவான் என்பதும் தெரியும். ஒரே ஒரு தடவை போங்கள். ஏரிக்கரையை யார் ஆக்கிரமித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் குடியிருப்பின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தால், தேர்தல் எப்போது என்று தீர்மானம் போடுங்கள்.

காண்டோவின் பெண்கள் முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார்கள். உங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. அரை நாள் கேட்கிறார்கள். அதையும் கொடுக்க மனசில்லை என்றால், அடுத்த முறை தண்ணீர் லாரி வராதபோது சோமாலியாவை இழுக்காதீர்கள். பாவம், அவர்கள் என்ன குத்தம் செய்தார்கள்?